ஊன்றுகோலின் லட்சணம்

நடக்க இயலாதவர்களுக்கு ஊன்றுகட்டையும், பலமிழந்த காலைத் தாங்கும் காலிப்பரும், கைத்தடியும் செய்து கொடுப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டு, அருப்புக்கோட்டையில் ஒரு சிறு பட்டறையிலே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். இத்தொழிலில் கண்ட உண்மைகளுள் தலையானது எது என்று யாரேனும் வினவினால், கருவியின் உறுதி ஒருவரை எழுந்து நிற்கச் செய்கிறது, அதன் அழகோ அவரை வாசற்படி தாண்டித் தெருவிலே இறங்கச் செய்கிறது என்றே விடை கூறுவேன். இதைக் கேட்டு வியப்புறுவோர் அநேகர். கால் முடியாதவருக்கு ஒரு கட்டை கிடைப்பதே பெரிதாயிருக்க, அதற்கு வர்ணம் எதற்கு, வேலைப்பாடு எதற்கு என்று நன்கு படித்தவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நின்ற நிலையில் சொல்லி முடிக்க இயலாத அந்த விடையை இங்கே சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

எங்கள் சீமை வானம் பார்த்த பூமி. பந்தல்குடிப் பக்கம் போனாலும் சரி, திருச்சுழிப் பக்கம் போனாலும் சரி, கரிசலும் செவலுமாக மாறி மாறிக் கிடக்கும் நிலத்தில், ஐப்பசி கார்த்திகை மழை கண்மாயை நிரப்பினால் விளைச்சல் உண்டு. நிரப்பாவிட்டால் சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவதுதான் பலருக்குப் பிழைப்பு. குண்டாற்றில் தண்ணீர் ஓடிய நாட்களைவிட மணல் மின்னிய நாட்களே அதிகம். ஆயினும் இவ்வளவு வறட்சியிலும் தன் கைப்பொருளை அழகு செய்யாமல் புழங்கும் வழக்கம் இவ்வூர்ச் சனங்களுக்கு இல்லை. மாட்டின் கொம்பைச் சீவி வர்ணம் பூசிக் குப்பி மாட்டுவார்கள். அரிவாள் பிடிக்குப் பித்தளைப் பூண் இறுக்குவார்கள். பிள்ளைத் தொட்டிலின் கடைசல் கட்டைக்குச் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக அரக்குச் சாயம் ஏற்றுவார்கள். தறியிலே நெய்யும் சேலையின் உடலை எவ்வளவு எளிமையாக விட்டாலும் கரையை எளிமையாக விடமாட்டார்கள். இத்தகைய மக்களிடையே யாரும் அழகு பாராமல் விட்டுவைத்த பொருள் ஒன்று உண்டென்றால், அது கால் ஊனமுற்றவரின் கக்கத்துக் கட்டைதான்.

என் பாட்டனார் கடைசல் வேலை செய்தவர். பாலவநத்தம் போன்ற ஜமீன் ஊர்களைச் சுற்றியிருந்த பெரிய வீட்டார் அந்தக் காலத்தில் கைத்தடி இல்லாமல் வெளியே புறப்படமாட்டார்கள். வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையின் கருத்த வெளிப்பாகத்தைப் பிளந்து, நார் ஓடும் திசை பிறழாமல் இழைத்து, எண்ணெய் ஊட்டி, நிழலிலே நெடுநாள் ஆற்றி, அடியிலே பித்தளைப் பூணும் தலையிலே வெள்ளிப் பூணும் போட்டுக் கொடுத்தால், அந்தத் தடி மூன்று தலைமுறைக்கு நிற்கும். அதை ஊன்றி நடந்தவர்களுள் முழங்கால் வாதத்தால் தடியின்றி ஓர் அடியும் வைக்க முடியாதவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்களைப் பார்த்து ஐயோ பாவம் என்று யாரும் சொன்னதில்லை. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். அதே பட்டறையிலே என் தகப்பனார் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிப்போன பிள்ளைகளுக்குக் கட்டை செய்தார். மிஞ்சிய பலகையை அறுத்து, இரண்டு சட்டமும் ஒரு குறுக்குக் கட்டையும் ஆணியால் அடித்து, மேலே பழந்துணி சுற்றிக் கொடுத்துவிடுவது அக்காலத்து வழக்கம். வாங்க வந்தவர்களும் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கட்டையோடு தெருவில் இறங்கிய பிள்ளையைக் கண்டவர்கள் கையில் காலணாவோ அரையணாவோ வைத்துவிட்டுப் போனார்கள். பிச்சை கேட்டு வராத பிள்ளைக்கும் அது கிடைத்தது. இருவருக்கும் கால் துணை செய்யவில்லை, இருவரும் மரத்தை ஊன்றியே நடந்தார்கள். ஒருவருக்குக் கும்பிடும் மற்றவருக்குக் காசும் கிடைத்ததற்குச் செல்வமும் சாதியும் வயதும் காரணங்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மரங்களின் மீது செலவான கையின் அக்கறையும் அக்காரணங்களுள் ஒன்று என்பதைப் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தவன் அறிவான்.

இவ்விடத்தில் திருச்சுழியில் பிறந்த ஒரு மகானைப் பற்றிச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. 1879ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 30ஆம் தேதி, திருமேனிநாதர் கோயிலுக்கு அருகில் உள்ள வீட்டிலே ஜனித்து, பின்னாளில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியாக விளங்கிய அவரிடம், வேலூர்க் கல்லூரியிலிருந்து வந்த தெலுங்குப் பண்டிதர் ஒருவர் நிஷ்காம கர்மம் என்றால் என்ன என்று கேட்டார். மகரிஷி விடை பகரவில்லை. பிறகு மலைமேல் உலாவச் சென்றபோது வழியிலே கிடந்த ஒரு முள் நிறைந்த கழியை எடுத்தார், உட்கார்ந்து முட்களைக் களைந்தார், கணுக்களைச் சமமாக்கினார், சொரசொரப்பான இலை ஒன்றால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். இதற்கே சுமார் ஆறு மணி நேரம் ஆயிற்று. அப்பொழுது தன் கோலைத் தொலைத்துவிட்ட ஓர் ஆட்டிடையப் பையன் அவ்வழியே வந்தான்; அவன் கையிலே அந்தக் கழியைக் கொடுத்துவிட்டு மகரிஷி போய்விட்டார். மகரிஷியின் சம்பாஷணைகளைத் தொகுத்த நூலிலே பதிவாகியிருக்கும் இந்நிகழ்ச்சியை வேதாந்திகள் வேதாந்தத்துக்காகப் படிப்பார்கள். எனக்கோ அந்தத் தேய்ப்புத்தான் பெரிதாகத் தெரிகிறது. ஆடு மேய்க்கும் கோலுக்கு முள்ளைக் களைந்தால் போதுமானது. கணுவைச் சமமாக்கிப் பளபளப்பேற்றியது அக்கோலை இனி ஏந்தப் போகும், யாரென்றே தெரியாத ஒரு கைக்குச் செய்த மரியாதை. எங்கள் சீமையில் பிறந்தவர் செய்த அந்த வேலையை என் பட்டறைக்கு முன்மாதிரியாகக் கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு.

வாலிப வயதில் மதுரையிலே ஒரு கூடத்தில் காலிப்பர் செய்யவும், செயற்கைக் கால் பொருத்தவும் பயின்றேன். அங்கேதான் அழகின் முதல் பாடம் அளவு என்பதை அறிந்தேன். கக்கத்துக் கட்டையின் மேல்திண்டு அக்குளை முட்டக் கூடாது. நிமிர்ந்து நிற்கும்போது அக்குளுக்கும் திண்டுக்கும் இடையே இரண்டு மூன்று விரல்கடை இடைவெளி வேண்டும். கைப்பிடியைப் பற்றும்போது முழங்கை சற்றே, முப்பது பாகை அளவுக்கு, மடங்கியிருக்க வேண்டும். உடல் பாரத்தைத் தாங்க வேண்டியது உள்ளங்கையே, அக்குள் அன்று. அக்குளில் தொங்கிக்கொண்டு நடப்பவருக்கு அங்கே ஓடும் நரம்பு நசுங்கி, மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிப்போவதும் உண்டு. கால் போனதற்குக் கட்டை கொடுக்கப் போய்க் கையும் போன கதையாக அது முடியும். கைத்தடி என்றால், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டின் ரேகை எங்கே வருகிறதோ அங்கே பிடி வர வேண்டும். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கத்துக் கையிலே அதைப் பிடிக்க வேண்டும். வலிக்கும் பக்கத்திலேயே பிடித்து நடக்கும் முதியவர்களை இன்றும் எங்கள் பஸ் நிலையத்தில் பார்க்கிறேன். பார்த்தவுடன் அருகே போய்ச் சொல்லிவிடுவேன்.

இந்த அளவுகளை வைத்தியத்துக்குரியவை என்று மட்டும் எண்ணிவிடலாகாது. உயரம் அதிகமான கட்டையில் நிற்பவரின் தோள்கள் காதுவரை ஏறி, கழுத்து உள்ளே புதைந்துவிடும். உயரம் குறைந்த கட்டையிலே நிற்பவர் எந்நேரமும் யாரிடமோ எதையோ கேட்டுக் குனிந்து நிற்பவராகவே தோன்றுவார். கட்டையைச் சரியான அளவுக்கு அறுத்துக் கொடுத்த மறுகணமே தோள் இறங்குகிறது, முகம் நிமிர்கிறது, எதிரில் நிற்பவரின் கண்ணை நேருக்கு நேர் பார்க்கும் உயரம் கைகூடுகிறது. அதற்குமேல் பூசும் வர்ணம் இந்த நிமிர்வின் மேல்தான் நிற்க முடியும். அளவு தப்பிய கட்டைக்குத் தங்க முலாம் பூசினாலும் பிரயோஜனம் இல்லை என்று என்னிடம் தொழில் பயின்ற பையன்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

எங்கள் மண்ணுக்கென்று பிரத்யேகமான சங்கடங்களும் உண்டு. பட்டணத்தில் வழுவழுப்பான தரைக்காக வார்த்த சிறிய ரப்பர் குப்பி, கோடையில் கரிசல் வெடிப்புக்குள் அப்படியே இறங்கிவிடும்; மழைக்காலத்தில் அதே கரிசல் அடிக்கு அடி அப்பிக்கொண்டு கட்டையைப் பனங்காய் கட்டியதுபோலக் கனக்கச் செய்யும். ஆகவே டயர்ச் செருப்பு தைப்பவரிடமிருந்து லாரி டயரின் ரப்பரை வாங்கி அகலமான அடி வைத்தோம். சித்திரை வெயிலில் அலுமினியக் குழாயைத் தொட்டால் தோல் பொரிந்துவிடும் என்பதால் பிடிக்குப் பருத்திக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினோம். வியர்வையை அது குடித்தது, கையும் வழுக்கவில்லை. நிக்கல் முலாம் பூசிய இரும்பு வியர்வை உப்பால் புள்ளி புள்ளியாகத் துருவேறும். அந்தப் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்தே தன் உடம்பின்மேல் அருவருப்புக் கொண்டவர்களை நான் அறிவேன். பழுதில்லாத, சுத்தமான, துடைத்தால் பளிச்சிடும் கருவியைத் தாங்கி நிற்பவருக்கு அந்த எண்ணம் எழுவதில்லை.

நெசவாளி ஒருவரின் மகளைப் பற்றி இங்கே எழுத வேண்டும். பிள்ளைப் பிராயத்தில் போலியோ கண்டு ஒரு கால் முற்றும் பலமிழந்துவிட்டது. தொடை முதல் பாதம் வரை இரு பக்கமும் இரும்புப் பட்டை ஓடும் நீண்ட காலிப்பர் அவளுக்கு. முழங்காலில் பூட்டு உண்டு. நிற்கும்போது வளையம் கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும், உட்கார வேண்டுமானால் அதைத் தூக்கிவிட வேண்டும். விழும்போதெல்லாம் டக்கென்று ஒரு சத்தம் எழும். பள்ளிக்கூடத்தில் அமைதியான வேளையில் அந்தச் சத்தம் எழுந்தால் வகுப்பே திரும்பிப் பார்க்குமாம். தரையைப் பெருக்கும்படி நீளமான பாவாடை கட்டிக்கொண்டுதான் அவள் எங்கும் போவாள். அந்தப் பாவாடை பூட்டிலே சிக்கி இரண்டொரு தரம் விழுந்தும் இருக்கிறாள். பெரிய வகுப்புக்கு வந்ததும் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று பிடிவாதம் செய்ததாகச் சொல்லித் தகப்பனார் அழைத்து வந்தார். பழைய காலிப்பர் சிறுத்துப்போயிருந்தது. புதிது செய்ய வேண்டும்.

நான் அளவெடுத்துக்கொண்டிருக்கையில் அவள் பட்டறையில் தொங்கிய தோல் வார்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தாத்தா, இந்தப் பட்டையெல்லாம் ஏன் இந்த நிறத்துலேயே இருக்கு?” என்று மெல்லக் கேட்டாள்.

தகப்பனார் குறுக்கிட்டு, “அண்ணாச்சி, உறுதியா இருந்தாப் போதும். அது சின்னப்புள்ள, ஏதாச்சும் சொல்லும். நீங்க காதுல போட்டுக்காதீக” என்றார்.

“உனக்கு எந்த நிறம் பிடிக்கும் தாயி?” என்று கேட்டேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. அப்படி ஒரு கேள்வியை அந்தக் காலைப் பற்றி அதுவரை யாரும் அவளிடம் கேட்டதே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு, “மஞ்சள். அப்பா போன மாசம் நெஞ்ச சேலை மாதிரி, அரக்குக் கரை போட்டு” என்றாள்.

தோலுக்கு வர்ணம் பூசினால் எங்கள் வெயிலில் உதிர்ந்துவிடும். ஆகவே தகப்பனாரிடமே அந்தப் பொறுப்பை ஒப்புவித்தேன். முறுக்கேற்றிய இரட்டை இழைப் பருத்தியில் மூன்று விரல் அகலத்துக்கு அவர் ஒரு நாடா நெய்து வந்தார். மாம்பழ மஞ்சள் நடுவில், இரு ஓரமும் அரக்குச் சிவப்பு, அதற்குள்ளே ஊசி முனையளவு கோபுரக் கரை. அதை வெளிப்புறமும், மெல்லிய ஆட்டுத் தோலை உட்புறமுமாக வைத்துத் தைத்தேன். பூட்டு வளையம் வந்து உட்காரும் இடத்தில் நைலான் வில்லை ஒன்றை வைத்தேன், சத்தம் அடங்கிற்று. இரும்புப் பட்டையை நன்றாகத் தேய்த்துக் கருநீலமாகச் சூளையில் வர்ணம் ஏற்றுவித்தேன். செலவு பழைய காலிப்பரைவிடச் சொற்பமே அதிகம்.

சில மாதங்கள் கழித்து ஷூவின் அடிப்பாகம் மாற்ற அவள் வந்தாள். பாவாடையை நாலு விரல் உயர்த்தித் தைத்திருந்தாள்; அந்தக் கரை வெளியே தெரிந்தது. அதைப்பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தரையில் புரளாத பாவாடை காலில் சிக்குவதில்லை. ஆகவே நடையும் திருந்தியிருந்தது. தோழிகள் முன்பெல்லாம் காலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்களாம்; இப்போது அந்த நாடாவில் தங்களுக்கு ஒரு பை கிடைக்குமா என்று கேட்கிறார்களாம். அவள் பிறகு டீச்சர் பயிற்சிக்குப் போனாள். காலிப்பரின் கரைதான் அவளைப் படிக்க வைத்தது என்று நான் சொல்லத் துணியேன். அவளுடைய புத்தியும் தகப்பனாரின் உழைப்பும் படிக்க வைத்தன. பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்ட விடாமல் அவளைத் தடுத்துக்கொண்டிருந்த ஒன்றை அந்தக் கரை விலக்கிற்று. அவ்வளவே என் வாதம்.

கருவி செய்பவனுக்கு நேரக்கூடிய பெருந்தோல்வி அவன் செய்தது உடைவதன்று, பயன்படாமல் வீட்டு மூலையில் கிடப்பதே. இதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி ஒன்று உண்டு. வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோய்க்குப் பெரும் சேவை செய்த டாக்டர் பால் பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும், உணர்ச்சியற்ற பாதங்களில் புண் வராமல் காக்க, நுண்துளை ரப்பரால் மெத்தென்ற செருப்புகளைச் செய்தார்கள். வைத்திய ரீதியாக அது மகத்தான உபகாரம். ஆனால் அந்தச் செருப்பின் தோற்றம் ஊராருக்குப் பழகிப்போய், அணிந்தவருடைய நோயைத் தெருவுக்கெல்லாம் அறிவிக்கும் அடையாளமாகிவிட்ட இடங்களில், நோயாளிகள் அதை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்து மறுபடியும் புண்ணோடு திரும்பினார்கள். பிறகு, கடையிலே எல்லோரும் வாங்கும் செருப்பின் வடிவத்திலேயே அந்த ரப்பரை வைத்துத் தைப்பதே வழி என்று செய்பவர்கள் உணர்ந்தார்கள். தோற்றம் என்பது வைத்தியத்துக்குப் புறம்பானது என்று இனி யார் சொல்ல முடியும்?

ஜெய்ப்பூர்க் காலின் கதையும் இதையே வேறு திசையிலிருந்து சொல்கிறது. 1968ஆம் வருஷத்தை ஒட்டி, ராம் சந்தர் சர்மா என்ற பரம்பரைக் கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். மேல்நாட்டிலிருந்து வந்த செயற்கைப் பாதம் ஷூவுக்குள் மறைந்திருக்க வேண்டியது. நம் குடியானவர்களோ வெறுங்காலோடு வயலில் இறங்குபவர்கள், சம்மணமிட்டு உட்காருபவர்கள், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுபவர்கள். ஆகவே விரல்களும் நகமும் தோலின் மாநிறமும் உடையதாய், ரப்பரால், உண்மைப் பாதத்தைப் போலவே அதைச் செய்தார்கள். 1981இல் திருச்சிக்கு அருகே நேர்ந்த பஸ் விபத்தினால் ஒரு காலை இழந்த நடன மாது சுதா சந்திரன், ஜெய்ப்பூர்க் காலைப் பொருத்திக்கொண்டு, அந்தக் காலிலும் சலங்கை கட்டி 1984இல் மறுபடி அரங்கேறினார். அடுத்த வருஷம் அவருடைய கதையே ‘மயூரி’ என்று படமாகி, அவரே அதில் நடித்தார். அந்தப் படம் எங்கள் பக்கத்துக் கொட்டகைகளில் ஓடிய பிறகு, செயற்கைக் கால் கேட்டு வரும் குடும்பத்தாரின் பேச்சிலேயே ஒரு மாறுதலை நான் கண்டேன். அதற்கு முன், நடக்குமா என்று கேட்டார்கள். அதற்குப் பின், ஆட முடியுமா என்று கேட்ட தாய்மார்களும் உண்டு.

ஆக, மறைப்பதா, காட்டுவதா என்ற பிரச்னை இத்தொழிலில் ஓயாமல் எழும். சர்க்கரை வியாதியால் காலை இழந்த ஒரு பெரியவர், வேட்டிக்குக் கீழே தெரியும் பாதம் தம் மற்றப் பாதத்தின் நிறத்திலேயே இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். நிறம் பொருந்தும் வரை அவர் திருப்தியடையவில்லை. நான்குவழிச் சாலையில் விபத்துக்குள்ளாகி முழங்காலுக்குக் கீழ் இழந்த ஓர் அம்மாளோ, செயற்கைக் காலின் கூட்டுக்கு மேலே மதுரைச் சுங்குடிச் சேலைத் துணியை வைத்து ரெசின் ஊற்றித் தரச் சொன்னார். அப்படிச் செய்வது கஷ்டமான காரியம் அன்று. கூட்டை வார்க்கும்போதே துணியை உறைபோல மாட்டி அதன்மேல் ரெசினை ஏற்றினால், புள்ளிகள் கண்ணாடிக்குள்ளே பதித்தவைபோல நின்றுவிடும். குழந்தைகளின் பிளாஸ்டிக் காலிப்பருக்கும், தகட்டைச் சூடேற்றி அச்சின்மேல் படியவிடும்போதே வண்ணத்துப்பூச்சியும் பூவும் அச்சிட்ட தாளை ஒட்டிப் படம் ஏற்றலாம். பெரியவர் செய்தது சரியா, அம்மாள் செய்தது சரியா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எனக்கில்லை. தன் உடம்பு உலகத்தின் முன் எவ்வாறு தோன்ற வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை இருவருக்கும் கிடைத்தது. தைரியம் அந்த உரிமையிலிருந்துதான் பிறந்தது. நானாக ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்து, அழகாயிருக்கிறது அணிந்துகொள் என்று கொடுத்திருந்தால், எவ்வளவு நேர்த்தியான வேலையாக இருந்தாலும் பாதிப் பயன்கூட விளைந்திராது.

இதற்கு அத்தாட்சி வேண்டுமானால், அரசாங்கம் கால்கள் இரண்டும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும், பின்னால் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களைக் கவனியுங்கள். கொடுக்கும்போது எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஒரு மாதம் சென்றபின் பாருங்கள்: ஒன்றில் குலசாமி பெயர், ஒன்றில் சினிமா நடிகர் படம், ஒன்றில் கண்ணாடியில் தொங்கும் குஞ்சம், ஒன்றில் பின்னால் பூமூட்டை கட்ட ஒரு பலகை. யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவர்கள் செய்யும் முதல் காரியம் அதைத் தமக்குரியதாக ஆக்கிக்கொள்வதுதான். திருச்சுழிப் பக்கத்து இளைஞர் ஒருவர் தம் வண்டியை முழுக்கச் செம்பு நிறமாக்கி, அருப்புக்கோட்டைப் பூச்சந்தைக்கு மல்லிகை ஏற்றி வருவார். அவ்வண்டி வரும் அழகைச் சந்தையே நின்று பார்க்கும். அவரை அதுவரை பெயர் சொல்லாமல் உடற்குறை சொல்லி அழைத்தவர்கள், வண்டி வந்தபின் வண்டியின் நிறத்தால் அழைத்தார்கள். நாளடைவில் முறையாகப் பெயர் சொல்லியே அழைத்தார்கள்.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. தர்மம் செய்வோர் சிலர் மூன்று சக்கர வண்டி வாங்கிக் கொடுத்து, அதன் முதுகுப் பலகையில் தம் பெயரையும் தம் தகப்பனார் பெயரையும் ஊர் முழுதும் படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதி வைக்கிறார்கள். அந்த வண்டியில் உட்கார்ந்து சந்தைக்குப் போகும் மனிதன் ஒவ்வொரு நாளும் தான் பெற்ற தானத்தைத் தன் முதுகிலே விளம்பரம் செய்துகொண்டு போக நேரிடுகிறது. அப்படிப்பட்ட வண்டி ஒன்றை என்னிடம் கொண்டு வந்து, “அண்ணாச்சி, இந்த எழுத்தை மட்டும் அழிச்சுக் கொடுத்திருங்க, கூலி எவ்வளவானாலும் தாரேன்” என்று கேட்ட ஒருவர் உண்டு. பூட்டுக் கழன்றிருந்தது, செயின் தொய்ந்திருந்தது. அவற்றைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

எனக்குத் தெரிந்த வரையில் காலம் நல்ல திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. தென்காசிச் சீமையில் ஆய்க்குடியில், சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாகிய 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கத்தைப் பார்த்து வந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள், அங்கே நிர்வாகம் செய்பவரே சக்கர நாற்காலியில் இருக்கக் கண்டு முகம் மலர்ந்து திரும்பியிருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான நியோஃபிளை என்னும் நாற்காலி, உட்காருபவரின் உடலளவுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப 18 விதமாக மாற்றத் தக்கதாக 2021இல் வெளிவந்தது. அதன் முன்னே நியோபோல்ட் என்னும் மோட்டார்ப் பகுதியை மாட்டினால் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை சாலையிலே ஓடும். அது ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்த நாற்காலியைப்போல இல்லை; உட்கார்ந்தவரின் வாகனமாகத் தோன்றுகிறது. விலைதான் கரிமூட்டத்தில் கூலி வேலை செய்பவரின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. போலியோவோ நாட்டை விட்டே போய்விட்டது. 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் கண்டதே இயற்கையான போலியோக் கிருமியால் பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசி நோயாளி. காலிப்பர் கேட்டு வரும் பிள்ளைகள் என் பட்டறைக்கு இப்பொழுது அருகிவிட்டார்கள் என்பதைப்போல மகிழ்ச்சியான நஷ்டம் வேறு ஒரு வியாபாரிக்கு வாய்க்காது. வருபவர்கள் சாலை விபத்திலும் சர்க்கரை வியாதியிலும் காலை இழந்தவர்கள். நேற்றுவரை சொந்தக் காலில் நடந்தவர்கள். அவர்களுக்கு வெட்கம் இன்னும் அதிகம். ஆகவே கருவியின் லட்சணமும் இன்னும் அதிகம் வேண்டியிருக்கிறது.

கருவி எவ்வளவு அழகாயிருந்தாலும் பஸ்ஸின் படி உயரமாகவும், தாலுகா ஆபீசுக்குச் சாய்தளம் இல்லாமலும் இருந்தால் அந்த அழகு வாசலிலேயே நின்றுவிடும் என்பதை நான் அறியாதவன் அல்லேன். அது வேறு போராட்டம்; அதைச் செய்பவர்களுக்கு என் வணக்கம்.

எனக்குரிய எல்லைக்குள் நின்று மூன்று விண்ணப்பங்கள். வீட்டில் யாருக்கேனும் கட்டையோ காலிப்பரோ நாற்காலியோ வாங்கப் போகிறவர்கள், அதை உபயோகிக்கப் போகிறவரையும் கடைக்கோ பட்டறைக்கோ அழைத்துப் போங்கள். அளவும் நிறமும் அவர் வாயிலிருந்தே வரட்டும். முகாம் நடத்திக் கருவிகள் வழங்குகிற அன்பர்கள், ஒரே நிறத்தில் நூறு வாங்குவதற்குப் பதிலாக நாலைந்து நிறங்களில் வாங்கி, வரிசையில் நிற்பவர் தமக்குப் பிடித்ததைத் தாமே எடுத்துக்கொள்ள விடுங்கள். அதனால் செலவு எதுவும் அதிகமாகாது. தானமாகக் கொடுக்கும் வண்டியின் முதுகிலே பெயர் ஒன்று எழுதித்தான் ஆக வேண்டும் என்றிருந்தால், அதில் உட்காரப் போகிறவருடைய பெயரை எழுதுங்கள்.